புயலன்று போன வண்டிகள்

அத்தியாயம் 6

மழை பிடித்தால் சாரம் பகுதியில் முதலில் போவது கரண்ட். அடுத்தபடியாகப் போவது நாகராஜுக்கு வேலை செய்யும் ஆசை.

"அக்கா, இன்னிக்கி லீவு உட்டுடலாம். ஸ்கூலுக்கே லீவு உட்டுட்டாங்க."

"நீ ஸ்கூல்லயா படிக்கிற?"

"ஒழுங்கா படிச்சிருந்தா உங்ககிட்ட ஏன்க்கா வேலைக்கு வர்றேன்?"

வேறு நாளாக இருந்தால் சுலோசனா சிரித்திருப்பாள். எதிரே மாலா உட்கார்ந்திருந்தாள். முந்தானை முனையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்த ஒரு பெண்ணின் முன்னால் சிரிப்பது எப்படி?

சுலோசனாவைத் தெரியாதவர்கள் சாரத்தில் குறைவு. சுலோசனாவுக்குத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. இருபது வருஷம் கல்யாண விசாரணையில் உரம் ஏறிய மனுஷி. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்கதை உண்டா, மாமியாருக்கு வாய் எத்தனை முழம் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் அவளிடம் பதில் இருக்கும். அந்தத் திறமையைச் சும்மா கொடுப்பானேன் என்று, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டு மாடியைப் பிடித்து 'சுலோசனா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். போர்டு எழுத வந்தவன்தான் நாகராஜ். திரும்பிப் போகவே இல்லை.

மாலாவின் விவகாரம் கல்யாண விசாரணை இல்லை. அவள் புருஷன் கலியமூர்த்தி பால் வண்டி ஓட்டுகிறவர். போன புயலன்று கிழக்குக் கடற்கரைச் சாலையைக் காலாப்பட்டில் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, மாப்பிள்ளை ஊர்வலம்கூட இல்லை. பால் வண்டியை மட்டும் விட்டார்கள். அன்று மதியம் கனகசெட்டிக்குளத்தில் குமாரவேல் என்ற மீனவர் ரோட்டோரப் பள்ளத்துக்கருகே தலையில் அடிபட்டு விழுந்து கிடந்தார். பக்கத்தில் நின்றது பால் வண்டி. ஊர் ஓடி வந்து கலியமூர்த்தியை அடித்தது, போலீஸ் வந்து அழைத்துப் போனது. இப்போது குமாரவேல் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் படுத்திருக்கிறார். கலியமூர்த்தி காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறார்.

'மூடின ரோட்டுல போனது ஒரே வண்டி. இடிச்சது எதுன்னு துப்பறிய ஆளு வேணுமாம்மா?' என்று இன்ஸ்பெக்டர் கேட்டது நேற்று.  

"விழுந்து கெடந்தவர தூக்கத்தான் எறங்கினேன்னு சத்தியம் பண்றாரும்மா" என்றாள் மாலா. "அந்தாளு கண்ணு முழிக்காமலே போயிட்டா கேஸு கொலக்கேஸு மாதிரி இழுக்கும்னு வக்கீல் சொல்றாரு. எம்புள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குதுங்க. வேற ஒரு வண்டி போச்சின்னு யாராவது ஒருத்தர் சொன்னா போதும்."

"புயல்ல ரோட்டப் பாத்துக்கினு யாரு நின்னிருப்பா?" என்றான் நாகராஜ்.

மாலா நிமிர்ந்தாள். "ஒண்ணு இருக்கு. ஆளு இல்ல, மிஷினு. கனகசெட்டிக்குளத்துக்கிட்ட ரோட்டுல குறுக்க கறுப்பா ஒரு ரப்பர் கொழா போட்டிருக்காங்க, ஏறி எறங்குனா வண்டிய எண்ணுதாம்னு அவரு சொல்லிக்கினே இருப்பாரு."

சுலோசனா குடையை எடுத்துவிட்டாள்.

* * *

ரோட்டை அகலப்படுத்தலாமா என்று பார்க்க வண்டி எண்ணும் வேலையை ஒரு தனியார் ஆபீஸ் எடுத்திருந்தது. ஆபீஸில் இருந்தது புருஷோத்தமன் ஒருவர்தான். ஜெனரேட்டர் கரண்டில் கம்ப்யூட்டரும் அவரும் மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தார்கள்.

"புயல் நாள் கணக்கா? அத நாங்க சேக்கவே மாட்டோம்மா" என்றார். "முந்தின நாளு எண்ணிக்கை ஏறும். காய்கறி வாங்க, பெட்ரோல் போட, ஊருக்கு ஓட. புயலன்னிக்கி தரையோட உழுந்துடும். மறுநாளு மரம் சாஞ்சத வேடிக்கை பாக்க போற கூட்டத்தால கொஞ்சம் எழுந்துக்கும். எல்லாப் புயலுக்கும் இதே கதை. சராசரியக் கெடுக்கும்னு தள்ளிடுவோம். ஆனா இந்தவாட்டி..."

"இந்தவாட்டி?"

அவர் திரையைத் திருப்பினார். அன்று காலையில் தரையோடு ஒரு குட்டிப் புள்ளி. அதை ஒட்டியே மூங்கில் வேலி நட்டது மாதிரி உயர உயரமாகக் கோடுகள். சாப்பாட்டு வேளையில் வேலி சட்டென்று அறுந்து வெறுந்தரை. கொஞ்சம் தள்ளி இன்னொரு குட்டிப் புள்ளி. அதோடு சரி.

"பொங்கலுக்குக்கூட இவ்ளோ வண்டி போவாது. மிஷினுக்குக் கோளாறு. இந்த மழை உட்டதும் கழட்டிடுவோம், இந்தக் கணக்கையும் அழிச்சிடுவோம்."

நாகராஜ் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். "நம்ம ஊரு டிராபிக்கு நிக்காம ஓடுன ஒரே நாளு, அக்கா. மாட்டி வெச்சிக்கலாம்."

சுலோசனாவின் காதில் அது ஏறவில்லை. கோளாறாவது ஒன்றாவது! தடுப்பை ஏமாற்றிக் குறுக்குச் சந்துகளில் புகுந்து வண்டி வண்டியாகப் போயிருக்கிறார்கள். அதில் ஏதோ ஒன்று குமாரவேலை இடித்துவிட்டு ஓடியிருக்கிறது. சேதியை வாயில் அடக்கி வைக்கும் பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. படி இறங்குவதற்குள் போன் போட்டுவிட்டாள்.

"மாலா, நல்ல சேதி. அன்னிக்கி உன் வீட்டுக்காரர் மட்டும் போவல. ஏகப்பட்ட வண்டி போயிருக்கு."

மறுமுனையில் அழுகை. "புள்ளைங்ககிட்ட சொல்லிடட்டுமாம்மா, அப்பா வந்துடுவாருன்னு?"

"சொல்லு, சொல்லு."

நாகராஜ் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒரு சந்தேகம். அத்தினி வண்டி போச்சின்னா தடுப்புல நின்ன போலீஸ்காரரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு? டாட்டா காட்டிக்கினு இருந்தாரா?"

 சுலோசனா அதைக் காதில் வாங்காதவள் மாதிரி, கனகசெட்டிக்குளத்துக்குப் போக ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

* * *

காலாப்பட்டுத் தடுப்போடு ஸ்கூட்டரின் பயணம் முடிந்தது. பேர் வைத்தவனுக்கே வாயில் நுழையாத இன்னொரு புயல் சாயங்காலம் கரை தொடுமாம். போலீஸ்காரர் குடைக்குள் இருந்தபடியே கையை ஆட்டினார். போகக் கூடாது. துப்பறியும் நிலையமாக இருந்தாலும் சரி.

அப்போது பின்னால் ஹாரன் கேட்டது. பால் வண்டி. போலீஸ்காரர் ஒரு பேச்சும் பேசாமல் தடுப்பைத் தள்ளினார்.

"நாகராஜு, நாம பாலு."

"நான் தயிரு அக்கா, எப்பவோ திரிஞ்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் டிரேக்களுக்கு நடுவே ஏறினான். கலியமூர்த்திக்குப் பதிலாக வந்திருந்த டிரைவர் இளஞ்செழியன், முன்சீட்டில் சுலோசனாவுக்கு இடம் விட்டார். ஜெயில் மதில் ஆரம்பித்தது. முடியாமல் வந்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் ரோடு வெறுமையாக இருந்தது. எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. சவுக்குத் தோப்பு ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. இந்த ரோட்டில் ஆயிரம் வண்டியா? சுலோசனா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். துடைத்த இடத்திலும் ரோடுதான் தெரிந்தது.

கனகசெட்டிக்குளம் எல்லையில் இளஞ்செழியன் பிரேக் போட்டார். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பைபர் படகுகள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

"கடலு ஏறுதுன்னா படக மேட்டுக்கு இழுத்துடுவாங்க. இந்த ஊருல மேடுன்னா இந்த ரோடு ஒண்ணுதான்" என்று சொல்லி ஹாரன் அடித்தார்.

ஆட்கள் வந்தார்கள். ஒரு நீலப் படகு ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. இருபது வயது கடந்த ஒரு பையன் பூவரச மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். மற்றவர்கள் படகின் மூக்கைத் தள்ளித் திருப்பினார்கள். வண்டி அந்த இடைவெளியில் நுழைந்து, அடுத்த பக்கத்துக் கடை வாசலில் நின்றது.

சுலோசனா இறங்கித் திரும்பிப் பார்த்தாள். திருப்பிய படகு அந்தக் கறுப்பு ரப்பர் குழாயின்மேல் அடி பதிய உட்கார்ந்திருந்தது. ஓரக் கம்பத்தில் பூட்டிய இரும்புப் பெட்டியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு.

காற்று அடித்தது. படகு ஆடியது. விளக்கு மின்னியது.

மறுபடி காற்று. மறுபடி ஆட்டம். மறுபடி மின்னல்.

"அக்கா" என்றான் நாகராஜ், குரலே வராமல். "ஒரு லாரி போவுது. இதோ, பின்னாலயே ஒரு பஸ்ஸு."

அவன் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அவனுக்கே தெரிந்தது. அத்தனை வண்டியும் இந்த ஒரு படகு. போகாமல் வராமல், இருந்த இடத்திலேயே ஆடி ஆடி ஆயிரம் வண்டியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் சொன்னதே சரி. அன்று போனது ஒரே வண்டி.

சுலோசனாவின் போன் அடித்தது. மாலா. திரையில் பெயர் வெளிச்சமாக ஒளிர்ந்தது. எடுத்து என்ன சொல்வது? பிள்ளைகளிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள் என்றா? அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தாள். தான் ஒரு ஆள், தனக்கு ஒரு போர்டு என்று அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தப் பையன் கயிற்றை மீண்டும் மரத்தில் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்தான். இன்னொரு முடிச்சு. மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்று போட்டான். பக்கத்துப் படகுக்காரர்கள் ஒன்றே ஒன்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவன் நான்காவதற்குக் கயிறு தேடினான்.

கல்யாண விசாரணையில் சுலோசனா கற்றது ஒன்று உண்டு. வீட்டுக் கதவை இரண்டு தடவை பூட்டிப் பார்ப்பவன் வீட்டில் ஒரு தடவை ஏதோ திருடு போயிருக்கும்.

"நாகராஜு, அந்தப் படத்த எடு."

போன் திரையில் அதே வேலி.

"பாரு. காலையில ஒரு புள்ளி. அது பால் வண்டி வடக்க போனது. அது போனதும் வேலி ஆரம்பிக்குது. ஏன்? பால் வண்டிக்கு வழி உட படகத் திருப்பினாங்க, திருப்புன படகு கொழா மேல குந்திக்கிச்சி."

"சரி."

"மத்தியானம் வேலி அறுந்து போச்சி. காத்து நின்னுதா?"

"நிக்கல. அப்பதான் பேய்க்காத்து."

"காத்து நிக்கல, ஆனா படகு ஆடல. அப்பன்னா படகு கொழா மேல இல்ல. சறுக்கி எறங்கிடுச்சி, அதோ தெக்கால இருக்குற அந்தப் பள்ளத்துப் பக்கம். குமாரவேல் கெடந்தது பள்ளத்தோரம். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அதுக்கும் அப்புறம்தான் ரெண்டாவது புள்ளி. வடக்கேருந்து வந்த கலியமூர்த்தி கொழாவத் தாண்டினாதான் அந்த எடத்துக்கே வர முடியும்."

 வாழ்க்கையில் முதல்முறையாக நாகராஜிடம் ஜோக் இல்லை.

"அப்ப இடிச்சது படகுதான். பால் வண்டி வரும்போது அவரு ஏற்கெனவே உழுந்து கெடந்திருக்காரு" என்றான் கடைசியில்.

* * *

பையனின் பெயர் அபி. குமாரவேலின் மகன். அவன் அம்மா கண்ணகி கடை ஓரத்தில் பால் வாங்க நின்றிருந்தாள். போலீஸில் புகார் கொடுத்தவள் அவள்தான்.

சுலோசனா பையனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மிரட்டினால் உண்மை வரும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். அவள் கேட்டது வேறு.

"தம்பி, ஒரு முடிச்சி போதாதா?"

அபியின் கை நின்றது. மழை முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

"எங்க ஊருல அவுத்தவன்தான் கட்டணும்" என்றான். "ஒருத்தன் போட்ட முடிச்ச இன்னொருத்தன் தொட மாட்டான். கட்டியிருக்கானான்னு பாக்கவும் மாட்டான். அது அவன அசிங்கப்படுத்துற மாதிரி."

"அன்னிக்கி யாரு அவுத்தா?"

"நான்தான். பால் வண்டிக்கு. அந்தண்ணன் ஹாரன் அடிச்சாரு, புள்ளைங்களுக்குப் பாலு தம்பி, சீக்கிரம்னாரு. அவுத்தேன். வண்டி போச்சி. அதுக்குள்ள அந்தாண்ட இன்னொரு படகு சாயுதுன்னு கூப்பிட்டாங்க, ஓடினேன். திரும்பிக் கட்டல." அவன் மூச்சு வாங்கினான். "எல்லாரும் புயல் ஷெல்டர்ல சோறு துன்னப் போயிட்டோம். அப்பா ஒருத்தருதான் காவலு. ஹாரன் விடாம அடிச்சிது. ஓடி வந்தோம். வண்டி நிக்குது, அப்பா கெடக்குறாரு. எல்லாரும் அடிச்சாங்க. நானும் அடிச்சேன். அடிச்சிட்டு நிமிர்ந்தப்பதான் மரத்தப் பாத்தேன். கயிறு இல்ல, படகு பள்ளத்துல கெடக்கு."

கலியமூர்த்தி அடித்த ஹாரன், யாராவது வாங்க என்று கூப்பிட்ட ஹாரன். 

"டேய்!" கண்ணகி வந்துவிட்டாள். கையில் பால் பாக்கெட். "யாருகிட்ட இன்னாடா பேசிக்கினு இருக்க? நீங்க யாரும்மா?"

"அந்த டிரைவர் சம்சாரத்துக்காக வந்திருக்கேன்."

கண்ணகி மகனைப் பார்த்தாள். அவளுக்கு இது இப்போது தெரிந்ததல்ல, முன்பே தெரியும் என்பதை சுலோசனா அந்த ஒரு பார்வையில் படித்துவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சது மறுநாள்தான்" என்றாள் கண்ணகி, யாரும் கேட்காமலே. "ஆஸ்பத்திரி வராண்டாவுல சொன்னான். அதுக்குள்ள நான் கையெழுத்து போட்டுட்டேன். இன்னா பண்ணச் சொல்றீங்க? புருஷன் அங்க மூச்சி இருக்கா இல்லியான்னு கெடக்குறாரு. இவனையும் குடுத்துட்டு நான் படகுக்குக் காவல் இருக்கவா? அவரு கண்ணு முழிச்சி புள்ள எங்கன்னு கேட்டா?"

 'மறதிக்கெல்லாம் ஜெயில் இல்லை' என்று சொல்ல சுலோசனாவுக்கு ஆசை. அவள் வக்கீல் இல்லை. 'உன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்ல இன்னும் ஆசை. காலையில் மாலாவிடமும் இப்படித்தான் வாய் முந்திக்கொண்டது.

"அங்கயும் ரெண்டு புள்ளைங்க" என்று மட்டும் சொன்னாள். சொன்னதும், ஏன் சொன்னோம் என்று இருந்தது. கண்ணகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இளஞ்செழியன் வண்டியை ஸ்டார்ட் செய்து திருப்பினார். "யக்கோவ், இப்ப கெளம்பலன்னா ராவுக்கு இங்கதான். சவுக்கெல்லாம் ரோட்டுல சாய ஆரம்பிச்சிடும்."

ஹாரன் அடித்தார். வழி வேண்டும். நீலப் படகு நடுவில் இருந்தது.

மரத்தடியில் யாரும் அசையவில்லை. அபி போட்ட முடிச்சு. அவன்தான் அவிழ்க்க வேண்டும்.

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பார்த்துத் திரும்பினான். மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். நனைந்த கயிறு, நேரம் பிடித்தது. ஆட்கள் படகைக் குழாயைவிட்டுத் தள்ளித் திருப்பினார்கள். அவன் கயிற்றை மறுபடி மரத்தில் சுற்றினான். இந்தத் தடவை ஒரே ஒரு முடிச்சு. இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, வண்டி போலீஸ் ஸ்டேஷன் பக்கமா போவுமா?" என்றான்.

இளஞ்செழியன் சுலோசனாவைப் பார்த்தார்.  பதில் சொல்லும் தகுதி தனக்கு இருப்பதாக அவளுக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. நாகராஜ்தான் டிரேக்களை நகர்த்தி, கை கொடுத்து, பையனைத் தூக்கிவிட்டான்.

கண்ணகி ஓடி வந்து வண்டியை மறிப்பாள் என்று சுலோசனா எதிர்பார்த்தாள். அவள் வரவில்லை. மரத்தடிக்குப் போய் அந்த முடிச்சின்மேல் கையை வைத்தாள்.

"டேய், இத நீ வந்துதான் அவுக்கணும்" என்றாள். காற்றில் அவள் குரல் பாதிதான் வந்தது. "அதுவரைக்கும் ஒருத்தனையும் தொட உட மாட்டேன்."

அபி தலையாட்டினான். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

சுலோசனாவின் போன் மறுபடி அடித்தது. மாலா. எடுப்பதற்குள் சிக்னல் அறுந்தது. நல்ல சேதிதான், கடைசியில். ஆனால் அதை நல்ல சேதி என்று எந்த வாயால் சொல்வது?

வண்டி ரப்பர் குழாயைக் கடந்தது. கண்ணாடியில் அவள் திரும்பிப் பார்த்தாள். முன்சக்கரத்துக்கு ஒருமுறை, பின்சக்கரத்துக்கு ஒருமுறை, சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. அப்புறம் மின்னவில்லை. அன்று முழுவதும் அந்த ரோட்டில் போன ஒரே வண்டி.

அதையும் புருஷோத்தமன் அழித்துவிடுவார். புயல் நாள், கணக்கில் சேராது.